‘ஜீ ஏ’ என்று குத்திய வெள்ளிக் கரண்டிகள்: யாருடையவை?

முள்ளியவளை மகள்

வணக்கம். போன மாதம் கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி கட்ட மண் வெட்டும்போது ஒரு பால்மாப் பேணி தட்டுப்பட்டது. 2008 கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மாமா தாட்டு வைத்த பேணி. இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் திரும்பி வரவில்லை. மீளக் குடியேறிய பிறகு முற்றம், மாட்டுக்கொட்டில், பனையடி என்று கிண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தோம்.

பேணி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. உள்ளே பொலித்தீன் பை, அதற்குள் பெரியம்மாவின் சேலைத் துண்டு, அதற்குள் ஆறு கரண்டிகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியபடி. எல்லாம் கரிபிடித்த மாதிரிக் கறுத்துப்போய் இருந்தன. நாலு ஒரே மாதிரியான தேக்கரண்டிகள். ஒன்று பெரிய சாப்பாட்டுக் கரண்டி. மற்றது பிள்ளைக்கு ஊட்டுவது போலச் சின்னது.

நாலு தேக்கரண்டிகளின் காம்புக்குப் பின்புறத்திலும் ஐந்து சின்னக் குறிகள் வரிசையாக உள்ளன. ‘ஜீ ஏ’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள், நடக்கிற சிங்கம், பூனை முகம் போல ஒன்று, ஒரு தலை, பிறகு எனக்கு விளங்காத ஓர் எழுத்து.

வீட்டுக் கதை இதுதான். என் பூட்டன் முல்லைத்தீவில் துரைமார் பங்களாவில் குசினி வேலை செய்தவர். மாற்றலாகிப் போன ஒரு துரை இவற்றைக் கொடுத்தாராம். ‘ஜீ ஏ’ என்றால் ‘கவர்ன்மென்ட் ஏஜென்ட்’, அதாவது அரசாங்க அதிபர், என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இது கச்சேரிச் சாமான், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோர்ச் சாமான், யாரும் கண்டால் களவு என்பார்கள் என்று பூட்டனின் மனைவி அதைக் கடைசிவரை வெளியில் எடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது 84 வயது. அவரும் தாயிடமிருந்து அந்தப் பயத்தோடுதான் வாங்கி வைத்திருந்தார்.

தம்பி ஒரு தேக்கரண்டியை ஒரு அடைவு கடைக்குக் கொண்டுபோனான். அங்கே கேட்காமலே அரத்தால் ஓரத்தை உரசிப் பார்த்துவிட்டு, நிறைக்கு எடுக்கலாம் என்றார்களாம். ‘ஜீ ஏ’யில் ஒரு மூலை அரத்தோடு போய்விட்டது. அதைக் கண்டதும் மற்றவற்றைப் பூட்டி வைத்துவிட்டேன். படங்கள் இணைத்திருக்கிறேன். இந்தக் குறிகளை யாராவது வாசித்துச் சொல்வீர்களா?

வவுனிக்குளம்

தங்கச்சி, விற்க வேண்டாம். இது பெரிய விஷயமாக இருக்கலாம். வட மாகாணத்துக்கு 1867 வரை நெடுங்காலம் அரசாங்க அதிபராக இருந்தவர் டைக் துரை. அந்தக் காலத்தில் வன்னியும் அவர் ஆட்சியின் கீழ்தான். கரண்டி அந்தக் காலத்தது என்றால் ‘ஜீ ஏ’ அவரையே குறிக்கும் என்பது என் எண்ணம்.

பரந்தன் சந்தி

சிங்கம் இருக்கிறதே, அப்படியானால் கண்டிப் பக்கத்து வேலையாக இருக்குமோ?

கனகராயன்

நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவன். லண்டனில் பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பழைய வெள்ளிச் சாமான் விற்கும் ஒரு கடையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு நூறு கரண்டியைப் புரட்டிப் பார்க்கிற கை இது.

மகள், முதலில் இரண்டு விஷயம். புளி, சாம்பல், திருநீறு எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். எங்கள் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீற்றால் தேய்த்துத்தான் பழக்கம், ஆனால் முத்திரை என்பது தலைமயிர் அளவு மேடு பள்ளம். ஐம்பது தீபாவளிக்குத் தேய்த்தால் சிங்கம் மண்புழு ஆகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய பருத்தித் துணி போதும். கறுப்பு இருக்கட்டும், அது வாசிக்க உதவும். அடுத்தது, ரப்பர் வளையத்தை இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைப்பதே கந்தகம்தான்.

இனி குறிகள். படத்தில் வெளிச்சம் நேரே விழுவதால் எல்லாம் மினுங்குகிறது. ஆனாலும் சிங்கம் தெரிகிறது. பரந்தன் தம்பி, கண்டிக் கொடிச் சிங்கம் போல இதன் கையில் வாள் இல்லை, பாருங்கள். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கிற இந்தச் சிங்கம் இங்கிலாந்தின் தரமுத்திரை. 1544 முதல் லண்டனில் குத்துகிறார்கள். ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங், என்று பொருள்.

பூனை முகம் என்று நீங்கள் சொன்னது சிறுத்தைத் தலை. அது வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்துகிற லண்டன் சோதனைக்கூடத்தின் அடையாளம். பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம், ஷெஃபீல்ட் என்றால் அந்தக் காலத்தில் கிரீடம். அந்த இரண்டு ஊருக்கும் 1773இல்தான் சோதனைக்கூடம் கிடைத்தது. எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடம் வைத்த யாழ்.

‘ஜீ ஏ’ பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த விளங்காத எழுத்து வேண்டும். முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு சிட்டிகை குறிகளின் மேல் தடவி, விரலால் மேலாக வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசையோடு சாய்த்துப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, சிறுத்தைக்குக் கிரீடம் உண்டா என்றும் பாருங்கள்.

முள்ளியவளை மகள்

நீங்கள் சொன்னபடி எடுத்தேன் அண்ணா. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நானும் மகனும் மேசையில் குந்தியிருந்தோம். பவுடர் போட்டதும் சிங்கத்தின் வால் வரை தெரிந்தது. மகன் துள்ளிக் குதித்தான்.

தலை ஒரு பெண்ணுடையது, இடப்பக்கம் பார்க்கிறது. சிறுத்தைக்குக் கிரீடம் இல்லை. எழுத்து பழைய பைபிளில் வரும் கோணல் எழுத்து மாதிரி. ‘சி’யா ‘ஈ’யா என்று நானும் அவனும் சண்டை பிடித்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது.

கனகராயன்

நடுவில் கோடு இருந்தால் ‘ஈ’. அருமையான படம். உங்கள் மகனுக்கு ஒரு பெரிய நன்றி.

இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 1821 வரை லண்டன் சிறுத்தைக்குக் கிரீடம் இருந்தது. இதில் இல்லை, ஆகவே 1821க்குப் பிந்தியது. அரசர் தலை என்பது வரி கட்டியதற்கான முத்திரை. 1784இல் தொடங்கி 1890இல் அந்த வரியோடு சேர்ந்து ஒழிந்தது. இடப்பக்கம் பார்க்கிற பெண் தலை என்றால் விக்டோரியா மகாராணி. ஆகவே 1837க்கும் 1890க்கும் இடையில்.

மிச்சத்தை எழுத்து முடிக்கும். லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. ‘ஜே’யை விட்டுவிட்டு ‘ஏ’ முதல் ‘யூ’ வரை இருபது எழுத்து, இருபது வருடம். சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றிவிடுவார்கள். 1836இல் தொடங்கியது கோணல் பெரிய எழுத்து; 1856இல் தொடங்கியது கோணல் சின்ன எழுத்து; 1876இல் தொடங்கியது நேரான பெரிய எழுத்து. உங்களுடையது கோணல் சின்ன ‘ஈ’. 1856இலிருந்து ஐந்தாவது எழுத்து, அதாவது 1860. அப்போது எழுத்தை மே மாதத்தில் மாற்றினார்கள், ஆகவே 1860 மே தொடக்கம் 1861 மே வரை என்று சொல்வதுதான் சரி.

வவுனிக்குளம்

1860 என்றால் டைக் துரை இருந்த காலமேதான். நான் சொன்னது பொருந்துகிறதே ஐயா?

கனகராயன்

ஆண்டு பொருந்துகிறது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு எழுத்தும் எப்படி உலோகத்தில் ஏறின என்று பாருங்கள். இந்த இழையில் முக்கியமான இடம் இதுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

கரண்டிக்குச் சொந்தக்காரர் தன் பெயரெழுத்தைப் போடுவதென்றால் செதுக்கச் சொல்வார். உளி கீறிக்கொண்டு போகும். எழுத்து பள்ளமாக இருக்கும், சுற்றியுள்ள உலோகம் வழவழ என்று சமமாக இருக்கும். பெரும்பாலும் கண்ணில் படுகிற முன்பக்கத்தில், காம்பின் அகன்ற முனையில் போடுவார்கள்.

உங்கள் ‘ஜீ ஏ’ அப்படி இல்லை. பவுடர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எழுத்தில் நிற்கவில்லை, எழுத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஒரு குழிக்குள் எழுத்து மேடாக நிற்கிறது. இது செதுக்கியது இல்லை, இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தது. நாலு கரண்டியிலும் ஒரே அளவு, ஒரே குழி. பின்பக்கத்தில், சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் பக்கத்தில்.

அது செய்தவரின் முத்திரை. லண்டனில் வெள்ளி வேலை செய்பவர் தன் பெயரெழுத்தை அச்சாக வெட்டிச் சோதனைக்கூடத்தில் பதிய வேண்டும். சாமான் தரக்குறைவாக இருந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? உங்கள் ‘ஜீ ஏ’ என்பது ஜார்ஜ் ஆடம்ஸ். சோனர் கம்பனி என்ற பட்டறையை நடத்தியவர். கரண்டியும் முள்ளும்தான் அவர்கள் தொழில். 1840இல் அந்த அச்சைப் பதிந்தார். 1883இல் பட்டறை வேறு கைக்கு மாறியது. அதற்கு முன் அந்தப் பட்டறையை நடத்தியவர் மேரி சோனர் என்ற விதவைப் பெண். புருஷன் 1834இல் இறந்ததும் தன் பெயரில் ‘எம் சி’ என்று அச்சுப் பதிந்தார். அவருக்கு எழுபது வருடம் முன்னர், 1761இல், ஹெஸ்டர் பேட்மன் என்ற இன்னொரு விதவையும் இப்படித்தான் பதிந்தார். ‘எச் பி’ என்ற அவருடைய கூட்டெழுத்தைக் கண்டால் சேகரிப்பவர்கள் இன்றும் கடையில் ஓடிவருவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதே லண்டனில் அதே காலத்தில் ஜார்ஜ் ஏஞ்சல் என்று இன்னொருவர் இருந்தார். அவருக்கும் ‘ஜீ ஏ’தான். எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். எழுத்தைச் சுற்றிய குழியின் வெளிக்கோடு ஒவ்வொருவருக்கும் வேறு. அதை என்னிடமுள்ள ஆடம்ஸ் கரண்டி ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன், ஒத்துவருகிறது. ஏஞ்சல் அதிகம் செய்தது கூஜா, கிண்ணம் போன்ற பெரிய சாமான்கள்.

ஆகவே வவுனிக்குளம் அண்ணா, அது கச்சேரிக் குறி இல்லை. கச்சேரி என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகளிலும் இந்த ‘ஜீ ஏ’ இருக்கிறது. என் கடைத் தட்டில் இன்றைக்கும் ஏழு எட்டுக் கிடக்கும்.

வவுனிக்குளம்

விளங்கிவிட்டது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், எழுத்து மேடாகத்தான் இருக்கிறது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் தங்கச்சி.

முள்ளியவளை மகள்

இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது அண்ணா. நாலு தலைமுறையாக எங்கள் வீடும் அப்படித்தான் வாசித்தது.

பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மற்ற இரண்டையும் அறிந்த பிறகு சொல்கிறேன். பெரிய கரண்டியில் நாலு குறிகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கேடயத்துக்குள்: ‘ஈ’, ‘பி’, ‘என்’, ‘எஸ்’. பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும். காந்தம் பிடித்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. ஆகவே வெள்ளிதானே?

பத்தர் பேரன்

கிளிநொச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன், தாத்தா காலத்துத் தொழில். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

காந்தம் ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்றுதான் அர்த்தம் அக்கா. செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. அந்த நாலு எழுத்தும் நிக்கல் கலவையின் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றியது என்பதன் சுருக்கம். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. ‘ஏ ஒன்று’ என்பது முலாம் நல்ல கனம் என்று கம்பனிக்காரன் தானே சொல்லிக்கொள்வது. கரண்டிக் குழியின் அடிப்பக்கம், மேசையில் படுகிற இடத்தைப் பாருங்கள். முலாம் தேய்ந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரியும். மண்ணுக்குள் கிடந்ததால் அந்த இடத்தில் பச்சையாகக் களிம்பும் பிடித்திருக்கும்.

கனகராயன்

தம்பி சொன்னது முழுக்கச் சரி. கேடயத்துக்குள் எழுத்தைப் போட்டதே தூரத்தில் பார்க்கத் தரமுத்திரை போல இருக்கட்டும் என்றுதான். 1840இல் பர்மிங்ஹாமில் எல்கிங்டன்காரர் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்த பிறகு இந்த மாதிரிச் சாமான் உலகம் முழுக்கப் போனது. வாடிவீடு, ரயில், கப்பல், பங்களா எல்லாவற்றிலும் இதுதான் ஓடியது. சிங்கம் இல்லாமல் வரிசையாக எழுத்து மட்டும் இருந்தால் முதலில் முலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

முள்ளியவளை மகள்

பச்சைக் களிம்பு இருக்கிறது, அதே இடத்தில்! மஞ்சளும் தெரிகிறது.

சின்னக் கரண்டியில் ஒரு குறியும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இதுவும் முலாமோ?

பத்தர் பேரன்

படத்தைப் பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு இனித்தது. இது எங்கள் ஊர்க் கை வேலை. குழியும் காம்பும் சேருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, அது பொடிவைத்து ஊதி ஒட்டின பற்று. குழியின் வெளிப்பக்கத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் சுத்தியல் தட்டுகள் மீன் செதில் போல வரிசையாகத் தெரியும். லண்டன் கரண்டிகளில் அந்தத் தட்டுகளை ஒரு தடமில்லாமல் மெருகில் எடுத்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் பிள்ளையின் வாயில் படுகிற உள்பக்கத்தை வழவழப்பாக்கிவிட்டு வெளிப்பக்கத்தில் கொஞ்சம் விட்டு வைப்பார்கள்.

குறி இல்லாதது ஏன் என்றால், இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளிக்கு முத்திரை குத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கவில்லை. பத்தரையும் தெரியும், வீட்டுக்காரரையும் தெரியும், முத்திரை யாருக்கு? வெள்ளிக்கும் கடைக்குப் போவதில்லை. வீட்டிலிருக்கிற ரூபாய்க் குற்றியைக் கொடுத்து உருக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்து இந்திய வெள்ளி ரூபாய்தான் இங்கேயும் ஓடியது. ஒன்று 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அக்கா, அந்தச் சின்னக் கரண்டியை நிறுத்துப் பாருங்கள்.

முள்ளியவளை மகள்

சந்தியில் மருந்துக்கடைத் தராசில் நிறுத்தோம். 23 கிராம்.

பத்தர் பேரன்

இரண்டு ரூபாய்! இரண்டு குற்றி 23.3 கிராம் வரும். உருக்கும்போதும் அரத்திலும் மெருகிலும் போனது மிச்சம். நிறை ஒத்துப்போவதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, ஆனாலும் என் தாத்தா இருந்தால் ஒரு பேச்சும் இல்லாமல் தலையாட்டியிருப்பார். பிள்ளைக்குச் சோறு தீத்த யாரோ இரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டு ரூபாய் சின்னக் காசு இல்லை.

அப்புறம் அந்த அரம். ஓரத்தை உரசுவது முலாமா என்று பார்க்க. முலாம் என்றால் அடியில் நிறம் மாறும். ஆனால் ஐந்து முத்திரையும் முழுதாக உள்ள கரண்டியை உரச வேண்டிய தேவையே இல்லை. எங்கள் பட்டறையில் அப்படி ஒருவன் செய்திருந்தால் தாத்தா அரத்தைப் பிடுங்கி வைத்திருப்பார். போன மூலையைத் திரும்ப வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

பரந்தன் சந்தி

அப்ப எல்லாவற்றிலும் பெறுமதியானது எது?

கனகராயன்

விலை கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன். ஆடம்ஸ் தேக்கரண்டி அரியது இல்லை. காம்பு வயலின் உடம்பு போல இடுப்பு ஒடுங்கி விரிகிற இந்த வடிவம் அந்த நூற்றாண்டு முழுக்கச் செய்தது. லண்டனில் வெள்ளி நிறைக்கு மேலே கொஞ்சம்தான் கிடைக்கும். முலாம் கரண்டிக்கு ஒன்றும் கிடையாது. சின்னக் கரண்டியை என் கடை முதலாளியிடம் காட்டினால் குறி இல்லை என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் பதினெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் ஆடம்ஸ் என் கையால் போயிருக்கிறது. வன்னிப் பத்தர் ஒருவர் செய்த கரண்டி ஒன்றுகூட வந்ததில்லை. என்னிடம் கேட்டால் அதைத்தான் முதலில் பத்திரப்படுத்துவேன். அமிலம் இல்லாத வெள்ளைத் தாளிலோ கழுவி உலர்த்திய பழைய வேட்டியிலோ தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம்.

மகள், இன்னொன்று. தேக்கரண்டிகளின் முன்பக்கத்தையும் படம் எடுங்கள். சொந்தக்காரர் செதுக்கியது ஏதும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

முள்ளியவளை மகள்

முன்பக்கம் நாலிலும் வெறுமை அண்ணா. பவுடர் போட்டும் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை.

கனகராயன்

அப்படியானால் எந்தக் குடும்பமும் எந்தக் கந்தோரும் அதில் தன் பெயரை எழுதவில்லை. உங்கள் பூட்டன் கைக்கு எப்படி வந்தது என்று முத்திரை சொல்லாது, அது அதன் வேலை இல்லை. ஆனால் கச்சேரிச் சாமான் என்பதற்கு இந்த நாலு கரண்டியிலும் ஒரு சாட்சியும் இல்லை. இதை நீங்கள் தைரியமாகப் பெரியம்மாவிடம் சொல்லலாம்.

முள்ளியவளை மகள்

இன்று பின்னேரம் சொன்னேன். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, பவுடர் எங்கே நிற்கிறது என்று மகன் விரல் வைத்து விளக்கினான். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். “அப்ப இது செய்தவன்ர பேரோ?” என்று மூன்று தரம் கேட்டார். ஓம் என்றோம். “அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே” என்றார். பிறகு கன நேரம் ஒன்றும் பேசவில்லை.

சின்னக் கரண்டியை எடுத்ததும் அடையாளம் கண்டுவிட்டார். மாமாவுக்கு முதற்சோறு தீத்தியது அதில்தானாம். அதனால்தான் மாமா அதையும் இவற்றோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

தம்பியும் பக்கத்தில் இருந்தான். விற்பது பற்றி இனி கதைக்க மாட்டான் என்று நினைக்கிறேன். ரப்பர் வளையம் இருந்த இடத்தில் நாலு காம்பிலும் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரில் போகவில்லை. அதை என்ன செய்யலாம்?

கனகராயன்

ஒன்றும் செய்ய வேண்டாம். இருக்கட்டும்.